மரியாதைக்காக இங்கிலீஷ் பேசிய மார்சலின்

கனடாவின் மானிடோபா மாகாணத்தில் இருக்கும் எங்கள் சேந்த்-அபோலினில் பிரெஞ்சு தெரியாதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் அந்த விரல்களில் ஒன்று அறைக்குள் நுழைந்துவிட்டால் போதும், மற்ற அத்தனை பேரும் இங்கிலீஷுக்குத் தாவிவிடுவோம். யாரும் சொல்ல வேண்டியதில்லை. பாதி வாக்கியம் பிரெஞ்சில் போய்க்கொண்டிருந்தாலும் மீதிப் பாதி இங்கிலீஷில்தான் வந்து முடியும். இதற்கு எங்கள் ஊரில் மரியாதை என்று பெயர். மற்ற ஊர்களில் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று நான் விசாரிக்கவில்லை, விசாரிக்கிற தைரியமும் இல்லை.

இந்த மரியாதையில் மார்சலினை மிஞ்ச ஆள் கிடையாது. பிறந்த வீட்டுப் பெயர் பெல்மார், புகுந்த வீட்டுப் பெயர் பிராட். பக்கத்து இங்கிலீஷ் ஊரான ஹார்ட்வெலில் வாங்கிய நாய் என்பதால் தன் நாய்க்குக்கூட இங்கிலீஷில் பேசித்தான் தீனி வைப்பாள். அவள் அப்பா செத்தபோது கணவன் வீட்டு அத்தை ஒருத்தி வந்து தேவாலயத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். மார்சலின் எழுந்து போய்ப் பாதிரியார் காதில் ஏதோ சொன்னாள். மீதிப் பூசை முழுக்க இங்கிலீஷில் நடந்தது. செத்தவருக்கு மட்டும்தான் இங்கிலீஷ் தெரியாது. அந்த அத்தைக்குக் காதே கேட்காது என்பது பிறகு காபி கொடுக்கும்போது தெரிய வந்தது.

கணவன் பெயர் வெண்டெல். ஹார்ட்வெல்காரன், எங்கள் பஞ்சாயத்தின் பனி அள்ளும் வண்டியை ஓட்டுகிறவன். வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்டிருப்பவன் மாதிரி எந்நேரமும் மௌனம். அவன் என் சாப்பாட்டுக் கடைக்கு வந்து வாசலில் பூட்ஸைக் கழற்றும் சத்தம் கேட்டதுமே மேசைக்கு மேசை நாக்கு புரளும். அவனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம் என்றால் மட்டும் குரலைத் தாழ்த்தி, பிரெஞ்சிலேயே முடித்துவிட்டு, அப்புறம் தாவுவோம்.

அவன் பேசாவிட்டாலும் மார்சலினுக்கு அவனைப் பற்றிப் பெருமை தாங்காது. "நான் வாயைத் தெறந்து ஒண்ணு கேக்க வேணாம், ஜெர்மேன். அவனாப் புரிஞ்சுக்குவான். சமையக்கட்டுக் குழாய் ஒழுகுதுன்னு மனசுக்குள்ளதான் நெனச்சேன். மறுநாள் பாத்தா ரிப்பேர் பண்ணி வச்சிருக்கான்" என்பாள் என்னிடம். அந்தப் பழைய பச்சைச் சட்டையை எப்போது தலைமுழுகுவானோ என்று அவள் ஏங்கிய வாரமே அவன் அதை வண்டி துடைக்கும் துணியாக்கிவிட்டானாம். ஊரில் உள்ள பெண்களெல்லாம் பொறாமையில் வெந்தோம். என் வீட்டுக்காரரிடம் நான் எதையும் மனசுக்குள் நினைத்து நிறுத்தியதில்லை, தெருவுக்கே கேட்கும்படி சொல்லிப் பார்த்திருக்கிறேன். குழாய் இன்னும் ஒழுகுகிறது.

மார்சலினுக்குக் கியூபெக்கில் ஒரு அக்கா, சோலாஞ்ச். தினமும் சாப்பாடு ஆனதும் இருவரும் ஃபோனில் பிரெஞ்சில் பேசுவார்கள். வெண்டெல் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பான். அந்த வீட்டில் பிரெஞ்சு ஒலிப்பது அப்போது மட்டும்தான். மற்றபடி கல்யாணமான நாள் முதல் எல்லாம் இங்கிலீஷ்தான். வின்னிபெக்கில் இருக்கும் மகள் கேரனுக்கும் அம்மாவின் பாஷை வராது. ஒருத்தனுக்குப் புரியாமல் மேசையில் பேசுவது நாகரிகம் இல்லை என்பது மார்சலினின் கட்சி.

என் கடைக்கு எதிரே, பழைய பாங்க் கட்டடத்தில், அரசாங்கத்தின் சேவை அலுவலகம் ஒன்று இருக்கிறது. பென்ஷன், பாஸ்போர்ட், வேலை போனவர்களுக்கான உதவித்தொகை எல்லாம் அங்கேதான். நாங்கள் ஜன்னல் என்றே சொல்வோம். கண்ணாடிக்கு அந்தப்புறம் அங்கே வேலை பார்க்கும் மார்சலின், இந்தப்புறம் ஒரே ஓர் ஆள். மூன்றாவது ஆள் கிட்டே நிற்கக்கூடாது என்று தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள். அந்தக் கோடுதான் மார்சலினைக் காப்பாற்றி வந்தது. மூன்றாவது ஆள் இல்லாததால் மரியாதை காட்ட வழியில்லை, நாள் முழுக்கப் பிரெஞ்சு பேசுவாள். கருச்சிதைவு, கடன், கணவனின் குடி என்று பாதிரியாரிடம் சொல்லாததையெல்லாம் ஊர் அந்த ஜன்னலில் சொல்லியிருக்கிறது.

இப்போது சட்டத்துக்கு வருவோம். எங்கள் நாட்டில் இரண்டு மொழிகள் ஆட்சிமொழி. எந்த மாகாணத்தில் எது சிறுபான்மையோ அதைப் பேசுகிறவர்களைப் பாதுகாக்கச் சட்டம் உண்டு. மானிடோபாவில் அந்தச் சிறுபான்மை நாங்கள். ஆனால் சட்டம் சும்மா பாதுகாக்காது. போதுமான பேர் அந்த மொழியில் சேவை கேட்கிறார்கள் என்று தெரிந்தால்தான் அந்த மொழியில் சேவை. பசிக்கிறது என்று வாய்விட்டு அழுகிற பிள்ளைக்குத்தான் பால் என்ற கணக்கு. விருந்தாளி முன்னால் அழுவது மரியாதையில்லை என்று வளர்ந்த பிள்ளையைப் பற்றித் தலைநகர் ஒட்டாவாவில் யாரும் யோசிக்கவில்லை.

அப்படிக் கணக்கெடுக்க ஒரு ஜனவரியில் நார்மன் ஹிக்ஸ் என்பவர் வந்தார். ஒல்லியான, பயந்த சுபாவமுள்ள மனிதர். கையில் அடங்குகிற எண்ணும் கருவிகள் இரண்டு வைத்திருந்தார். அமுக்கினால் 'டக்' என்று ஓர் எண் ஏறும். சிவப்பு பிரெஞ்சுக்கு, நீலம் இங்கிலீஷுக்கு. ஜன்னலுக்குப் பக்கத்திலேயே, மஞ்சள் கோட்டுக்கு உட்புறமாக, நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அரசாங்கச் செலவில் மாதக்கணக்காகப் பிரெஞ்சு படித்திருந்தார் பாவம். வருகிறவர்களுக்கெல்லாம் முகம் மலர்ந்து "போன்ஷூர்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னார்.

அந்த "போன்ஷூரை" அவர் கஷ்டப்பட்டுத் தூக்கிக்கொண்டு வருவது கேட்ட எங்களுக்கே மூச்சு வாங்கியது. ஐயோ, இங்கிலீஷ்காரர், எவ்வளவு சிரமப்படுகிறார்! ஊரே அவருக்கு இரங்கியது. ஒருத்தர் பாக்கியில்லாமல் "குட் மார்னிங்" சொன்னார்கள், தங்கள் வேலையையும் இங்கிலீஷிலேயே கேட்டார்கள், மார்சலினும் இங்கிலீஷிலேயே பதில் சொன்னாள். டக், டக் என்று நீலம் ஏறிக்கொண்டே போனது.

விவசாயி அதெலார் மோரோ வந்தார். அவர் மனைவி செத்த பிறகு பென்ஷன் ஏன் குறைந்துவிட்டது என்று கேட்க வந்தவர். இங்கிலீஷில் அவருக்குத் தெரிந்தது இரண்டே வாக்கியம். வெளியே பனிப்புயல் சுழற்றி அடித்துக்கொண்டிருக்க, ஹிக்ஸைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றி, "நைஸ் வெதர்" என்றார். மார்சலினைப் பார்த்து "நோ ப்ராப்ளம்" என்றார். கேட்க வந்ததைக் கேட்காமலே வீட்டுக்குப் போய்விட்டார். அதற்கும் நீலத்தில் ஒரு டக்.

வாரக் கடைசியில் ஹிக்ஸ் என் கடைக்குப் பட்டாணி சூப் சாப்பிட வந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது. தட்டுத் தடுமாறிப் பிரெஞ்சில் சொன்னார்: "எத்தனை ஆசையாப் படிச்சேன் தெரியுமா, மேடம். இந்த ஊர்ல எங்கூட ஒருத்தர்கூட பிரெஞ்சு பேசல."

"கவலைப்படாதீங்க சார், இன்னும் கொஞ்சம் சூப் ஊத்தட்டுமா?" என்று ஆறுதல் சொன்னேன். இங்கிலீஷில்தான்.

தேவை இல்லை என்று ஒட்டாவா முடிவு செய்தது. வசந்தம் வந்ததும் ஜன்னலை மூடிவிட்டு, வேலையை ஹார்ட்வெலுக்கு மாற்றுவார்களாம். மார்சலினுக்கு வேலை போகவில்லை, அங்கே போய் இங்கிலீஷ் ஜன்னலில் உட்காரலாம். எல்லோரும் "நல்லவேளை, சம்பளம் தப்பிச்சுது" என்று அவளுக்குச் சொன்னார்கள். கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, அவள் என் எதிரே உட்கார்ந்து விசித்து விசித்து அழுதாள்.

"சம்பளமா பெருசு? எனக்குன்னு இருக்கற ஒரே எடம் அதுதான்டி. வீட்டுல வெண்டெல். மக வந்தா மக. கோயிலுக்குப் போனா அவன் அத்தை. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால உக்காந்தாத்தான் நான் பெல்மார் வீட்டுப் பொண்ணு. அங்கதான் நான் சிரிச்சா என் சிரிப்பு மாதிரி இருக்குது. அதையும் புடுங்கிட்டா நான் யாரு?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்குள் வாசலில் பூட்ஸ் கழற்றும் சத்தம். மார்சலின் சடாரென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஜலதோஷம், வேற ஒண்ணுமில்ல" என்று இங்கிலீஷில் சொன்னாள். வெண்டெல் அவளையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஒரு காபி கேட்டான்.

எங்கள் பிரெஞ்சைக் காப்பாற்ற என் கடையில் கண்டனக் கூட்டம் போட்டோம். ஊரே திரண்டது. பள்ளி ஆசிரியர் எழுந்து, முன்னோர் இந்த மண்ணில் சிந்திய வியர்வையைப் பற்றிப் பிரமாதமாக ஆரம்பித்தார். மனைவியைக் கொண்டுவந்து விட்ட வெண்டெல், வெளியே குளிர் என்பதால் உள்ளே வந்து மூலையில் உட்கார்ந்தான். ஆசிரியர் ஒரு தடவை கனைத்தார். முன்னோரின் வியர்வை அதற்குமேல் இங்கிலீஷில் வழிந்தது. பிரெஞ்சை உயிரைக் கொடுத்தும் காப்போம் என்று இங்கிலீஷில் ஏகமனதாகத் தீர்மானம் போட்டோம். அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்க்க ஒரு கமிட்டியும் போட்டோம். கூட்டத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

அந்தச் சமயத்தில் ஒட்டாவாவில் அதே சட்டத்தைத் திருத்த மசோதா ஒன்று வந்திருந்தது. சிறுபான்மை மொழிக்காரர்களின் குறைகளைக் கேட்க எம்.பி.க்கள் குழு ஒன்று ஊர் ஊராக வருவதாகவும், எங்கள் கோயில் மண்டபத்துக்கும் வருவதாகவும் தகவல் வந்தது. சாட்சி சொல்ல மார்சலினைத் தேர்ந்தெடுத்தோம். அவள் பிரெஞ்சில் பேசி அவர்கள் மனம் இளகினால் ஜன்னல் பிழைக்கும். இல்லாவிட்டால் அவ்வளவுதான்.

பிரெஞ்சில் பேசி. அங்கேதான் சிக்கல். இங்கிலீஷ் முகத்தைப் பார்த்தால் இவள் தாங்க மாட்டாள். ஒத்திகை பார்க்க வெண்டெலையே கூட்டி வந்து என் கடையில் எதிரே உட்கார வைத்தேன். மேப்பிள் பாகு ஊற்றிய கேக் ஒரு துண்டைக் கையில் கொடுத்து, "நீ எம்.பி.ன்னு வச்சுக்க. பேசாம சாப்பிடு" என்றேன்.

மார்சலின் எழுந்து நின்றாள். "மதிப்புக்குரிய உறுப்பினர்களே, நான் இந்த ஊரில் பிறந்து" என்று பிரெஞ்சில் அழகாகத் தொடங்கினாள். வெண்டெல் கேக்கிலிருந்து தலையைத் தூக்கினான். அவ்வளவுதான், "வளர்ந்தவள்" என்பது இங்கிலீஷில் வந்துவிட்டது.

"உனக்கு வெக்கமா இல்ல?" என்று கத்தினேன். "அவன் கேக்கத் தின்னுக்கிட்டிருக்கான். உன்னை என்ன பண்ணான்?"

"புரியாம முழிக்கறானே. பாக்கப் பாவமா இருக்கு, ஜெர்மேன்."

"அவன் முழியே அப்படித்தான்டி!"

நாலைந்து முறை முயன்றும் அதே கதைதான். வெண்டெல் தட்டை வைத்துவிட்டு, "அந்த மொத பாதி நல்லாத்தானே இருந்துச்சு, எதுக்கு நிறுத்தினா?" என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போனான். கேக்கைச் சொல்கிறானாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்திசாலித்தனம் அவ்வளவுதான்.

குழு வந்தது. மண்டபத்தில் நீள மேசை, கொடிகள், மூலையில் கண்ணாடிக் கூண்டுக்குள் மொழிபெயர்ப்பாளர்கள் இருவர். ஒவ்வொரு எம்.பி. காதிலும் கருவி. யார் எதில் பேசினாலும் அவரவர் மொழியில் காதில் விழும். இனி மரியாதைக்கு வேலையே இல்லை என்று நிம்மதியாக மூச்சு விட்டேன்.

மார்சலின் நீலக் கவுன் போட்டுக்கொண்டு வந்து மைக் முன்னால் உட்கார்ந்தாள். பிரெஞ்சில் ஆரம்பித்தாள். குரல் நடுங்கினாலும் வழுக்கவில்லை. பிறந்து, வளர்ந்து, ஜன்னல் வரைக்கும் வந்துவிட்டாள். அப்போது இங்கிலீஷ் மாகாணமான ஆல்பர்ட்டாவின் எம்.பி. ஒருவர், பருமனான, சாதுவான மனிதர், காதுக் கருவியைக் கழற்றித் தட்டிப் பார்த்தார். திரும்ப மாட்டினார். பிறகு கையை விரித்துச் சிரித்து, "என்னுது வேலை செய்யல. பரவாயில்ல, என்னைக் கவனிக்காதீங்க. நீங்க பேசுங்க" என்றார்.

என்னைக் கவனிக்காதீங்க! எங்கள் ஊரில் போய் இதைச் சொல்லலாமா? மண்டபம் முழுக்க "அடடா" என்று ஒரு முனகல் எழுந்தது. மார்சலின் அவரைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது. "மன்னிச்சுக்குங்க ஐயா, நான் இங்கிலீஷ்லயே சொல்லிடறேன், எனக்கு ஒண்ணும் சிரமமில்ல" என்று அவள் இங்கிலீஷில் சொல்லி முடித்துவிட்டாள்.

குழுத் தலைவி பதறிப்போய், "அம்மா, உங்க மொழியில பேச உங்களுக்கு உரிமை இருக்கு. அதுக்குத்தானே நாங்க வந்திருக்கோம்" என்றார்.

"இருக்கட்டும் மேடம். பாவம், அவருக்குப் புரியாதே."

ஊர் ஜனங்கள் ஆமோதித்துத் தலையாட்டினார்கள். ஆமாம், தலையாட்டினார்கள்! எனக்கு வந்த ஆத்திரத்தில் நாற்காலியைத் தூக்கி அடித்திருப்பேன், பாதிரியார் அதில் உட்கார்ந்திருந்தார்.

கடைசி வரிசையில் ஒருவன் எழுந்தான். வெண்டெல். பூட்ஸை வாசலில் விட்டுவிட்டுச் சாம்பல் நிறக் கம்பளி சாக்ஸோடு வந்திருந்தான். சத்தமில்லாமல் நடந்துபோய், அந்த ஆல்பர்ட்டாக்காரர் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பிறகு மனைவியைப் பார்த்து, சுத்தமான சேந்த்-அபோலின் பிரெஞ்சில் சொன்னான்:

"நீ உன் பாஷையில பேசு, மார்சி. நான் இவருக்குச் சொல்றேன்."

அவன் முன்னால் குரலைத் தாழ்த்திப் பேசியதெல்லாம் ஒவ்வொருத்தர் முகத்திலும் வரிசையாக வந்து போனதை நான் பார்த்தேன். என் முகத்திலும் வந்திருக்கும். அவன் காதைப் பற்றி, அவன் அம்மாவைப் பற்றி, அவன் வண்டி ஓட்டும் லட்சணத்தைப் பற்றி நான் பேசாத பேச்சா?

மார்சலின் மைக்கை மறந்துவிட்டாள். "உனக்கு... உனக்கு எவ்வளவு தெரியும்?"

"எல்லாந்தான்."

"நான் சோலாஞ்ச் அக்காகிட்ட ஃபோன்ல..."

"அதுவும்."

"அப்ப அந்தக் குழாய்?"

"நீதான் அக்காகிட்ட சொன்னியே. ‘இந்த மரமண்டைக்கு ஒரு குழாயைப் பூட்டத் துப்பில்ல’ன்னு."

கண்ணாடிக் கூண்டில் இருந்தவர்கள் கடமை தவறாதவர்கள். மரமண்டை முதல் குழாய் வரை எல்லாவற்றையும் இங்கிலீஷில் எம்.பி.க்கள் காதில் போட்டார்கள். தலைவி குனிந்துகொண்டு எதையோ தேடினார்.

"இத்தனை வருஷமா ஏன்டா சொல்லல?" என்றாள் மார்சலின். கோபமா அழுகையா என்று பிரிக்க முடியாத குரல்.

வெண்டெல் தன் சாக்ஸைப் பார்த்துக்கொண்டு பேசினான். "நம்ம கல்யாணத்துல நான் எழுந்து பிரெஞ்சுல பேசினேனே, ஞாபகம் இருக்கா? குளிர்காலம் பூரா யாருக்கும் தெரியாம கத்துக்கிட்டேன். நீங்க எல்லாரும் கை தட்டினீங்க. தட்டிட்டு, நீ, உங்கப்பா, உங்கக்கா, அத்தனை பேரும் எனக்கு இங்கிலீஷ்ல பதில் சொன்னீங்க. உங்கப்பாவுக்கு இங்கிலீஷே வராது, அவரே முட்டி மோதிச் சொன்னாரு. ‘நீ வெளி ஆளு, வெளியிலேயே இரு’ன்னு சொல்றீங்கன்னு நெனச்சேன். மரியாதையாத்தான் சொன்னீங்க. அதனால நானும் மரியாதையா இருந்துட்டேன்."

அந்தக் கல்யாணத்தில் கை தட்டியவர்களில் பாதிப் பேர் அந்த மண்டபத்தில் இருந்தோம். ஒருவரும் தலை நிமிரவில்லை.

மார்சலின் கையில் எழுதி வைத்திருந்த காகிதத்தை மடக்கிப் பைக்குள் போட்டாள். பிறகு பிரெஞ்சில் பேசினாள், அந்த எம்.பி.யைப் பார்க்காமல் வெண்டெலைப் பார்த்துப் பேசினாள்.

"எண்ண வந்தவர் தப்பா எண்ணல. இங்க யாரும் பிரெஞ்சு பேசலதான். அவர் என் வீட்டுக்கு வந்திருந்தாலும் நீலத்தைத்தான் அமுக்கியிருப்பாரு. விருந்தாளி வந்தா நல்ல நாற்காலியைக் குடுத்துட்டு நாங்க நிப்போம், அப்படித்தான் எங்களை வளத்தாங்க. நின்னுக்கிட்டே இருந்துட்டோம். நாங்க மரியாதைகெட்டவங்களா மாறினாத்தான் காப்பாத்துவேன்னு ஒரு சட்டம் சொன்னா, எங்களுக்கு அது வராது. என் பாஷை என் வீட்டுல இல்ல. அந்த ஜன்னல்ல மட்டுந்தான் இருக்கு. அதை எடுத்துடாதீங்க."

வெண்டெல் ஒவ்வொரு வாக்கியமாக எம்.பி. காதில் சொல்லிக்கொண்டு வந்தான். "என் வீட்டுல இல்ல" என்ற இடத்தில் நின்றுவிட்டான். ஆல்பர்ட்டாக்காரர் காத்திருந்தார். மண்டபமே காத்திருந்தது. பிறகு வெண்டெல், "அவ பாஷை எங்க வீட்டுல இல்ல" என்று இங்கிலீஷில் சொன்னான்.

ஜன்னலை மூடும் உத்தரவை நிறுத்திவைத்தார்கள். புதிய சட்டம் வந்த பிறகு மறுபடி எண்ணிப் பார்த்து முடிவு செய்வதாகச் சொன்னார்கள். மசோதா நிறைவேறியது. ஒட்டாவாக்காரர்கள் எங்களைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்து, இனிமேல் எண்ணுகிறவர் யார் கண்ணிலும் படாமல் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து எண்ண வேண்டும் என்று விதி செய்தார்கள். படித்தவர்கள் படித்தவர்கள்தான்.

இதற்கிடையில் வெண்டெல் ஊரில் பிரெஞ்சு பேச ஆரம்பித்திருந்தான். அதில் ஒரு தொந்தரவு. கல்யாணத்துக்குப் படித்ததுபோக மீதிப் பிரெஞ்சு முழுக்க மார்சலின் அக்காவிடம் அவனைத் திட்டியதைக் கேட்டுக் கற்றது. அதனால் அவனுக்கு வசைதான் சரளமாக வந்தது. "காபி குடு" என்று என்னிடம் கேட்டால்கூட, இவளிடம் எத்தனை முறை சொல்லித் தொலைப்பது என்கிற தொனி இருக்கும். மார்சலினோ ஃபோனை எடுத்துக்கொண்டு கார் ஷெட்டுக்குப் போய் அக்காவிடம் பேசினாள். வீட்டில் ரிப்பேர் வேலைகள் தேங்கத் தொடங்கின.

"மேசையில உக்காந்தா ரெண்டு பேருக்கும் வெக்கமா இருக்கு, ஜெர்மேன். பொண்ணு பாக்க வந்தவனோட உக்காந்த மாதிரி. நேத்து உப்பைக் குடுன்னு பிரெஞ்சுல கேட்டேன். குடுத்தான். அதுக்கு மேல என்ன பேசறதுன்னு எனக்கும் தெரியல, அவனுக்கும் தெரியல" என்று அவள் ஒருநாள் சொன்னாள்.

மறுபடி எண்ணுகிற வாரம் வந்தது. ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு பழுப்புத் திரை தொங்கியது. திரைக்கு அடியில் ஹிக்ஸின் ஷூக்கள் தெரிந்தன. அவர் அங்கே இருப்பது தெரியாத மாதிரி ஊரே நடித்தது. முதல் நாள் அவர் தும்மித் தொலைத்தார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் ஒரே குரலில் "ப்ளெஸ் யூ" என்று இங்கிலீஷில் வாழ்த்தினார்கள். திரைக்குப் பின்னால் வருத்தத்தோடு ஒரு டக் கேட்டது. அது நீலம் என்று சொல்லவும் வேண்டுமா?

மறுநாள் என் பாஸ்போர்ட் விஷயமாக நான் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் வெண்டெல், அவனுக்கு முன்னால் அதெலார். வெண்டெலைப் பார்த்ததுமே அதெலாரின் கை தொப்பிக்குப் போய்விட்டது. "நைஸ்..." என்று தொடங்கிவிட்டார்.

வெண்டெல் அவர் தோளைத் தொட்டு, பிரெஞ்சில், "பெருசு, உன் வெதர் எல்லாம் இருக்கட்டும். பென்ஷனைக் கேளு, மரமண்டை" என்றான். அவனுக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான். அதெலார் வாய் பிளந்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, மனைவி செத்தது முதல் எல்லாவற்றையும் பிரெஞ்சில் கொட்டித் தீர்த்தார். மார்சலின் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டாள். திரைக்குப் பின்னால் சிவப்பு டக்கியது.

அடுத்து வெண்டெல் மஞ்சள் கோட்டைத் தாண்டினான். பின்னால் வரிசை நீண்டிருந்தது. மார்சலின் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, பழக்க தோஷத்தில், "என்ன வேணும், வெண்டெல்?" என்று இங்கிலீஷில் கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவன் தன் குளிர்கோட்டின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டான். கல்யாண மேசையில் எழுந்து நின்ற அதே மாதிரி நிமிர்ந்து நின்றுகொண்டு, அன்றைக்குச் சொன்னதையே பிரெஞ்சில் சொன்னான். அதில் மட்டும் வசை இல்லை.

"நான் பக்கத்து ஊர்க்காரன். உன்னாலதான் இந்த ஊருக்கு வந்தேன். என்னை உள்ள விடுவியா?"

கண்ணாடியில் மார்சலினின் மூச்சு படிந்து முகம் மங்கியது. கையால் அதைத் துடைத்தாள்.

"உள்ள வா" என்றாள், பிரெஞ்சில். "வா, வெண்டெல். இத்தனை நாள் வாசல்லயே நிக்க வச்சுட்டேன்."

நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். எனக்குப் பின்னால் நின்றவர்களும் அதைத்தான் செய்தார்கள். திரைக்குப் பின்னால் மட்டும் சத்தமே இல்லை. பிறகு திரை மெதுவாக விலகி, ஹிக்ஸ் தலையை நீட்டினார். கண்கள் சிவந்திருந்தன. என்னைப் பார்த்து, தட்டுத் தடுமாறிப் பிரெஞ்சில் கேட்டார்:

"மேடம், இதை ஒண்ணுன்னு எண்ணறதா, ரெண்டுன்னு எண்ணறதா?"

இங்கிலீஷ் என் நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன்.

"ரெண்டு, சார்" என்றேன் பிரெஞ்சில். "நாம பேசறதையும் சேத்தா மூணு."